நிகழ்நேர இணைய உரையாடல் தரநிலைகளின் உருவாக்க வரலாறு: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தின் வழியே குரலும் காணொளியும் தடையின்றிப் பரிமாறப்படுவதற்கு அடிப்படையாக அமைந்த தரநிலைகள், 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 2011 முதல் 2021 வரையிலான காலத்தில் முழு வடிவம் பெற்றன. இத்தரநிலைகளை எந்த அரசும் ஆணையிட்டு உருவாக்கவில்லை, வாக்கெடுப்பும் நிகழவில்லை. இணையப் பொறியியல் பணிப்படை என்னும் தன்னார்வ அமைப்பின் ஒழுங்கமைப்பு முறையே அவற்றை வடிவமைத்தது. கடல்சார் குரல் தொடர்பை வகுத்த அரசுசார் தரநிலை முறையோடு இம்முறையை ஒப்பிடும் இக்கட்டுரை, காணொளிக் குறிமுறை பற்றிய பூசலையும், இந்தியாவிலிருந்து பணியாற்றிய பொறியாளர்கள் பங்கேற்று எழுதிய ஓர் ஆவணத்தின் உருவாக்கத்தையும் விரிவாக ஆராய்கிறது. இவ்வகைத் தரநிலைகளில் இடம்பெறும் எண்கள் கூடத் தூத்துக்குடி போன்ற துறைமுக நகரின் மக்களுடைய அன்றாட உரையாடலைத் தீர்மானிக்கின்றன என்பதும், அவற்றை வகுக்கும் அவையில் தமிழ்நாட்டுக் கல்விப்புலம் இடம்பெற வழி உண்டு என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நிகழ்நேர உரையாடல், இணையத் தரநிலை, வெப்ஆர்டிசி, இணக்கம், ஒப்புதல், தூத்துக்குடி, கடலோடிகள்

1. முன்னுரை

தூத்துக்குடியின் வரலாறு கடல்வழித் தொடர்புகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. முத்துக்குளித்தல், தோணி வணிகம், 1876இல் வந்து சேர்ந்த இருப்புப்பாதை, கொழும்புக்குச் சென்ற நீராவிக் கப்பல்கள், 1906இல் வ.உ. சிதம்பரனார் நிறுவிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம், 1974இல் பெருந்துறைமுகமாக உயர்ந்தமை ஆகியன அவ்வரலாற்றின் அறியப்பட்ட இயல்கள். சரக்கும் ஆளும் கடந்த வழிகள் நன்கு ஆராயப்பட்டிருக்க, கடலில் இருப்போரும் கரையில் இருப்போரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட வழிகள் பற்றிய ஆய்வு குறைவே.

கரையிலிருந்து விலகியிருப்பவரோடு பேசுவதற்குக் கருவி மட்டும் போதாது; இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். அவ்விதியே தரநிலை எனப்படுகிறது. இன்று ஒரு சரக்குக் கப்பலில் இருவகைத் தரநிலைகள் அருகருகே இயங்குகின்றன. மாலுமிமேடையில் உள்ள மிகு அதிர்வெண் வானொலி, அரசுகள் கூடி இயற்றிய உடன்படிக்கைகளின்படி இயங்குகிறது. அதே கப்பலில் பணியாற்றும் கடலோடி தம் அறையிலிருந்து உலாவி வழியாக வீட்டாரின் முகம் பார்த்துப் பேசுகையில், தனியாள்கள் கூடி எழுதிய இணையத் தரநிலைகள் பயன்படுகின்றன. முன்னதன் வரலாறு கடல்சார் சட்ட நூல்களில் இடம்பெற்றுள்ளது. பின்னதன் வரலாறு தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. அதனை வரைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அரசுகள் வகுத்த முறை

தொலைத்தொடர்புத் தரநிலைகளை அரசுகள் கூடி வகுக்கும் மரபு 1865இல் பாரிசு நகரில் பன்னாட்டுத் தந்தி ஒன்றியம் நிறுவப்பட்டதோடு தொடங்குகிறது. பிரித்தானிய இந்தியா 1869இல் அதன் உறுப்பாயிற்று. 1906இல் பெர்லினில் கையெழுத்தான வானொலித் தந்தி உடன்படிக்கை, கடலில் இடர்ப்பட்டோர் பயன்படுத்த வேண்டிய குறியீட்டை வரையறுத்தது. 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதன் விளைவாக, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை 1914இல் உருவாயிற்று. பின்னர் எழுத்துக்குறித் தந்தியின் இடத்தைக் குரல் பிடித்தது. இடர்காலக் குரல் அழைப்புக்கென 156.8 மெகாஹெர்ட்சில் இயங்கும் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. 1988இல் ஏற்கப்பட்ட உலகளாவிய கடல்சார் இடர்நீக்க அமைப்பு, 1992 பிப்ரவரி முதல் நாளில் தொடங்கிப் படிப்படியாக 1999 பிப்ரவரி முதல் நாளில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இம்முறையின் வலிமை கட்டாயத்தன்மை. ஒரு நாடு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அந்நாட்டுச் சட்டமாகிறது. துறைமுக அலுவலர் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம். அதன் வரம்பும் அங்கேயே உள்ளது. இவ்வமைப்பின் கட்டாயக் கருவிகள், பன்னாட்டுப் பயணம் செய்யும் பயணிகள் கப்பல்களுக்கும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும் உரியன. வள்ளங்களும் சிறு விசைப்படகுகளும் அவ்வரையறைக்குள் வாரா. மேலும், அவையில் பேசும் உரிமை அரசுப் பேராளர்களுக்கு உரியது. கடலோடியோ மீனவரோ ஆய்வாளரோ தம் அரசின் வழியாகவே அங்குக் கருத்துரைக்க இயலும்.

3. வாக்கெடுப்பில்லா அவை

இணையத் தரநிலைகள் வேறொரு வழியில் வளர்ந்தன. 1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் எழுதிய முதல் ‘கருத்துரைக் கோரிக்கை’ ஆவணம், அதன் பெயருக்கேற்ப, ஆணையாக அமையாமல் கருத்தை வேண்டும் குறிப்பாக அமைந்தது. ஆர்.எஃப்.சி. என்னும் சுருக்கப்பெயரால் வழங்கும் அவ்வரிசையே இன்றளவும் இணையத் தரநிலைகளின் பதிப்பு வடிவமாகத் தொடர்கிறது. 1986 சனவரியில் சான் டியேகோ நகரில் 21 பேர் கூடிய கூட்டத்தோடு இணையப் பொறியியல் பணிப்படை தோன்றியது.

இவ்வமைப்புக்கு உறுப்பினர் பட்டியல் இல்லை. நாடுகளும் நிறுவனங்களும் அதில் உறுப்பாவதில்லை. பங்கேற்போர் தனியாள்களாகவே கருதப்படுகின்றனர். பணி, குறிப்பிட்ட இலக்குடைய பணிக்குழுக்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பணிக்குழுவுக்கும் அதன் வரம்பைக் கூறும் பணிச்சாசனம் ஒன்றும், தலைவர்கள் சிலரும், அனைவருக்கும் திறந்த மின்னஞ்சல் குழு ஒன்றும் உண்டு. எவரும் வரைவு எழுதி அனுப்பலாம். வரைவின் கோப்புப் பெயரில் முதல் ஆசிரியரின் பெயர் இடம்பெறுவது வழக்கம். பணிக்குழு அதனை ஏற்றுக்கொண்டால், தனியாளின் பெயர் நீங்கிக் குழுவின் பெயர் அவ்விடத்தில் அமையும். வரைவின் உரிமை தனியாளிடமிருந்து குழுவுக்கு மாறுவதை இச்சிறு பெயர்மாற்றம் அறிவிக்கிறது.

முடிவெடுக்கும் முறையே இவ்வமைப்பின் தனித்தன்மை. 1992இல் இணைய முகவரி முறையின் எதிர்காலம் பற்றி மேல்மட்டக் குழு ஒன்று எடுத்த முடிவு பங்கேற்பாளர்களிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது. அவ்வாண்டின் கூட்டத்தில் உரையாற்றிய டேவிட் கிளார்க், அரசரையும் வாக்கெடுப்பையும் மறுத்து, தோராயமான இணக்கத்தையும் இயங்கும் நிரலையும் நம்பும் கொள்கையை முன்மொழிந்தார். இணக்கம் என்பது ஒருமனதான உடன்பாடு அன்று. எண்ணிக்கைப் பெரும்பான்மையும் அன்று. எழுப்பப்பட்ட ஒவ்வொரு மறுப்பும் ஆராயப்பட்டு விடை கூறப்பட்டிருக்க வேண்டும். அவ்விடையை அனைவரும் விரும்ப வேண்டியதில்லை. கூட்டங்களில் கருத்துப்போக்கை அறிய, கையுயர்த்திக் கணக்கிடுவதற்குப் பதிலாக, அவையோரை ‘உம்’ கொட்டச் சொல்வர். யார் எப்பக்கம் என்பதைப் பதியாமல், அவையின் சாய்வை மட்டும் தலைவர்கள் அறிந்துகொள்வதற்கான உத்தி இது. அரங்கில் எட்டப்பட்ட முடிவும் மின்னஞ்சல் குழுவில் உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே நிலைபெறும். இவ்வழக்கத்தின் பொருளைப் பீட் ரெசுனிக் 2014இல் ஆர்.எஃப்.சி. 7282 என்னும் ஆவணத்தில் விளக்கினார்.

4. குரல் பொட்டலமாகிய வரலாறு: 1974 – 2002

தொலைபேசியில் பேசுவோரிடையே ஒரு தனிவழி பேச்சு முடியும்வரை ஒதுக்கப்பட்டிருக்கும். இணையத்திலோ செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வெவ்வேறு நேரத்தில், சில வேளை வரிசை மாறியும் போய்ச்சேரும். மடலுக்கு இது இடையூறு ஆகாது, பேச்சுக்கு ஆகும். தொலைந்த பொட்டலத்தை மீளப்பெறக் காத்திருந்தால் உரையாடல் தடைப்படும். ஆகவே சிறிது இழந்தாலும் காலம் தாழ்த்தாமை என்பதே நிகழ்நேரத் தொடர்பின் முதல் விதியாயிற்று.

1974இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் பொட்டலக் குரல் சோதனைகள் வெற்றிபெற்றன. அச்சோதனைகளுக்கான நெறிமுறையை டேனி கோகன் 1977இல் ஆர்.எஃப்.சி. 741 ஆக வெளியிட்டார். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த பணிப்படைக் கூட்டத்தின் ஒலி, மூன்று கண்டங்களில் இருந்த 20 இடங்களுக்கு இணையவழி அனுப்பப்பட்டது. இவ்வனுபவங்களிலிருந்து பிறந்த நிகழ்நேரப் போக்குவரத்து நெறிமுறை 1996 சனவரியில் ஆர்.எஃப்.சி. 1889 ஆக வெளியாயிற்று. ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண்ணையும் நேரக்குறியையும் இடுவதும், பெறுபவர் தரத்தைப் பற்றி அனுப்புபவருக்கு அறிவிப்பதும் அதன் அடிப்படைகள்.

அதே 1996இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எச்.323 என்னும் பரிந்துரையை வெளியிட்டது. பணிப்படை அதற்கு மாற்றாக, அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் உதவும் எஸ்.ஐ.பி. நெறிமுறையை 1999இல் வெளியிட்டு, 2002 சூனில் ஆர்.எஃப்.சி. 3261 ஆகத் திருத்தியமைத்தது. தொலைபேசி மரபிலிருந்து வந்த அமைப்பும் இணைய மரபிலிருந்து வந்த அமைப்பும் ஒரே சிக்கலுக்கு இருவேறு தீர்வுகளைத் தந்த காலம் இது.

இந்தியாவில் இக்காலத்து நிலை வேறு. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை இணையவழித் தொலைபேசியை அப்போதைக்கு அனுமதிக்க மறுத்தது. 2002 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே அது வரையறைகளோடு அனுமதிக்கப்பட்டது. எஸ்.ஐ.பி. நெறிமுறை முதிர்ச்சியடைந்த ஆண்டுகளில் அதன் பயன்பாடே இங்குத் தடைக்குள் இருந்தது என்பது, இந்தியப் பங்களிப்பின் காலத்தாழ்வை மதிப்பிடுகையில் கருதத்தக்கது.

5. இரு அவைகளின் பணிப்பகிர்வு: 2011

2010 வரை உலாவியில் குரலும் காணொளியும் வேண்டுமாயின் தனிச் செருகுநிரலை நிறுவ வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் செருகுநிரலும் பிறிதொன்றோடு பேசாது. 2010இல் குரல் செயலாக்க நிரல்களை உருவாக்கிய குளோபல் ஐ.பி. சொல்யூசன்சு நிறுவனத்தையும், காணொளிக் குறிமுறைகளை உருவாக்கிய ஆன்2 நிறுவனத்தையும் கூகுள் தன்வயப்படுத்தியது. 2011இல் நிகழ்நேர உரையாடலுக்கான மூலநிரலை வெளிப்படையாக வெளியிட்டது. இயங்கும் நிரல் கிடைத்துவிட்டது. அது ஒரு நிறுவனத்தின் உடைமையாகத் தங்கிவிடாமல் பொது விதியாக வேண்டும் என்பதே எஞ்சிய பணி.

2011இல் அப்பணி இரண்டாகப் பகுக்கப்பட்டது. வலையமைப்பின் வழியே எவ்விதப் பொட்டலங்கள் செல்ல வேண்டும் என்பதை வகுக்கும் பொறுப்பு இணையப் பொறியியல் பணிப்படையின் ஆர்.டி.சி.வெப் பணிக்குழுவுக்கு வந்தது. வலைப்பக்கம் எழுதுவோர் எத்தகைய கட்டளைகளால் உலாவியை இயக்கலாம் என்பதை வகுக்கும் பொறுப்பு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பணிக்குழுவுக்குச் சென்றது. முன்னதற்கு மேக்னசு வெசுட்டர்லுண்ட், கல்லன் செனிங்சு, டெட் ஆர்டி ஆகியோர் தலைமையேற்றனர். பின்னதன் தலைவர்களுள் ஒருவரான அரால்டு ஆல்வெசுட்ராண்ட், முன்னதன் மேலோட்ட ஆவணத்தின் ஆசிரியரும் ஆவார். இவ்வாறு ஒருவரே இரு அவைகளிலும் இயங்கியது இரண்டும் முரண்படாமல் செல்வதற்கு உதவியது.

பணிக்குழு தீர்க்க வேண்டியிருந்த முதற்பெரும் வினா மறைகுறியாக்கத் திறவு பற்றியது. உரையாடலைப் பூட்டும் திறவை இணையத்தளத்தின் வழங்கி வழியாக அனுப்பும் முறை எளிது. பழைய கருவிகளோடு இணைவதற்கும் ஏற்றது. ஆயினும் வழங்கியை இயக்குபவர் உரையாடலைக் கேட்க அம்முறை இடமளிக்கும். இரு முனைகளும் தமக்குள்ளேயே திறவைப் பேசி முடிக்கும் முறை கடினமானது. ஆனால் காப்பு மிகுந்தது. 2013 கோடையில் பெர்லின் கூட்டத்தில் எளிய முறை கைவிடப்பட்டது. அமெரிக்க உளவு நிறுவனத்தின் பரந்த கண்காணிப்பு பற்றிய செய்திகள் வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்த காலம் அது. பின்னர் வெளியான ஆர்.எஃப்.சி. 8827 எளிய முறையை வெளிப்படையாகத் தடைசெய்கிறது.

6. காணொளிக் குறிமுறைப் பூசல்

குரலுக்கான குறிமுறையில் இணக்கம் விரைவில் ஏற்பட்டது. 2012 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 6716 ஆக வெளியான ஓப்பசு குறிமுறை, நொடிக்கு 6 கிலோபிட்டு முதல் 510 கிலோபிட்டு வரை விரிந்து சுருங்கவல்லது. உரிமைக் கட்டணமின்றிக் கிடைப்பது. அதனோடு, 1972ஆம் ஆண்டின் தொலைபேசித் தரநிலையான ஜி.711 என்பதும் கட்டாயமாக்கப்பட்டது. புதிய கருவி பழைய தொலைபேசியோடும் பேச வேண்டும் என்பது இதன் காரணம்.

காணொளியில் அவ்வாறு நிகழவில்லை. எச்.264 குறிமுறை திறன்பேசிகளின் வன்பொருளில் முன்பே இடம்பெற்றிருந்தது. ஆயினும் காப்புரிமைக் கட்டணத்துக்கு உட்பட்டது. கூகுள் வெளியிட்ட வி.பி.8 கட்டணமற்றது, ஆனால் அதனை ஏற்கும் வன்பொருள் குறைவு. பொது மென்பொருள் இயக்கத்தார்க்கு எச்.264 ஏற்புடையதன்று, வன்பொருளில் முதலீடு செய்த நிறுவனங்களுக்கு வி.பி.8 ஏற்புடையதன்று. 2013 அக்டோபர் 30 அன்று சிசுக்கோ நிறுவனம் எச்.264 நிரலைத் தானே உரிமைக் கட்டணம் செலுத்தி இலவசமாக வழங்க முன்வந்தது. அடுத்த வாரம் வான்கூவரில் கூடிய கூட்டத்தில் இரு பக்கத்திலும் ‘உம்’ ஒலி வலுவாக எழுந்தது. இணக்கம் இல்லை எனத் தலைவர்கள் அறிவித்தனர்.

வழக்கத்துக்கு மாறாக வாக்கெடுப்பு முறை ஒன்றைக் கையாளலாமா என்னும் எண்ணமும் அப்போது முன்வைக்கப்பட்டது. உறுப்பினர் பட்டியலே இல்லாத அவையில் வாக்குரிமை யாருக்கு என்னும் வினாவுக்கு எளிய விடை இல்லை. ஓராண்டு கழித்து, 2014 நவம்பரில் ஒனலுலு கூட்டத்தில், உலாவிகள் இரண்டு குறிமுறைகளையும் ஏற்க வேண்டும் என்னும் நடுவழி இணக்கம் பெற்றது. ஆடம் ரோச் எழுதிய ஆர்.எஃப்.சி. 7742, 2016 மார்ச்சில் அம்முடிவைப் பதிந்தது.

இந்நடுவழி எவர்க்கும் முழு நிறைவைத் தரவில்லை. ஆனால் அதன் பயனை நுகர்வோர் நோக்கில் மதிப்பிட வேண்டும். ஒன்றே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், மற்றதை மட்டும் ஏற்கும் கருவிகளை வைத்திருப்போர் உரையாடலிலிருந்து விலக்கப்பட்டிருப்பர். எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதிருந்தால், இரு உலாவிகள் ஒன்றையொன்று காண இயலாமற்போகும் இடர் நிலைத்திருக்கும். கருவியை மாற்ற வசதியற்ற பயனருக்கு இரண்டையும் கட்டாயமாக்கியதே நன்மை.

7. ஒப்புதலின் புதுமை: இந்தியாவிலிருந்து எழுந்த ஆவணம்

வெப்ஆர்டிசி தரநிலைத் தொகுதியில் அளவிற் சிறியதும் விளைவிற் பெரியதுமான ஓர் ஆவணம், 2015 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 7675. முத்து அருள்மொழிப் பெருமாள், டான் விங், ராம் மோகன் ரவீந்திரநாத், திருமலேசுவர் ரெட்டி, மார்ட்டின் தாம்சன் ஆகிய ஐவர் அதன் ஆசிரியர்கள். இவர்களுள் முதலாமவர் எரிக்சன் நிறுவனத்தையும், ரவீந்திரநாத், ரெட்டி இருவரும் சிசுக்கோ நிறுவனத்தையும் சார்ந்து பெங்களூரிலிருந்து பணியாற்றினர்.

இவ்வாவணம் தீர்க்கும் சிக்கல் பின்வருமாறு. வலைப்பக்கத்தில் உள்ள நிரல், உலாவியைக் கொண்டு எந்த முகவரிக்கும் குரலையும் காணொளியையும் அனுப்பச் செய்ய இயலும். தீய நோக்குடைய தளம் ஒன்று ஆயிரக்கணக்கான பார்வையாளர்களின் உலாவிகளை ஏவி, உரையாடலில் தொடர்பே இல்லாத ஒருவரின் கணினியைப் பொட்டல வெள்ளத்தில் மூழ்கடிக்கலாம். ஐ.சி.இ. என்னும் நெறிமுறை, முகவரி மாற்றிகளைக் கடந்து இரு முனைகளையும் இணைக்கையில், எதிர்முனை விடையளிக்கிறதா எனத் தொடக்கத்தில் ஒருமுறை சோதிக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இசைந்தவர் பின்னர் விலகியிருக்கலாம். அவர் வைத்திருந்த முகவரி வேறொருவருக்குச் சென்றிருக்கலாம். முந்தைய முறையில் இணைப்பை விழிப்பாக வைத்திருக்க அனுப்பப்பட்ட குறிப்புகள் விடை வேண்டாதவை. ஆகவே எதிர்முனையின் தொடர்ந்த இசைவை அவற்றால் அறிய இயலாது.

இதற்கு ஆசிரியர்கள் வகுத்த விதி எளியது. அனுப்பும் முனை சராசரியாக 5 நொடிக்கு ஒருமுறை விடை வேண்டும் வினாவை அனுப்ப வேண்டும். பல இணைப்புகள் ஒரே கணத்தில் வினவி நெரிசல் ஏற்படாதவாறு அந்த இடைவெளி 4 முதல் 6 நொடிக்குள் மாறிக்கொண்டிருக்க வேண்டும். 30 நொடி வரை செல்லுபடியாகும் விடை வாராவிடில் ஒப்புதல் காலாவதியாகிறது; அனுப்புவதை உடனே நிறுத்த வேண்டும். விடையானது உரையாடலுக்கென உருவாக்கிய கடவுச்சொல்லால் உறுதிசெய்யப்படுவதால், இடையில் இருப்பவர் பொய்விடை அளிப்பதும் கடினம்.

வரைவின் வரலாறு, பணிப்படையின் நடைமுறைக்குத் தெளிவான சான்று. முகவரி மாற்றிகள் பற்றிய பிகேவ் பணிக்குழுவை நோக்கி, முதலாசிரியரின் ‘முத்து’ என்னும் பெயரைத் தாங்கிய தனியாள் வரைவாக அது தொடங்கியது. பின்னர் ஆர்.டி.சி.வெப் குழுவின் வரைவாயிற்று. தனியாள் ஒருவர் முன்வைத்த கருத்து, பிறர் திருத்தங்களை ஏற்று, இன்று வெப்ஆர்டிசியைப் பின்பற்றும் உலாவிகள் கடைப்பிடிக்க வேண்டிய விதியாக நிற்கிறது.

இது தனித்த நிகழ்வன்று. மூன்றாம் தரப்பு வழியாக அனுமதி பெறும் முறையைக் கூறும் ஆர்.எஃப்.சி. 7635 (2015 ஆகத்து), உரையாடற் பதிவின் விவரத்தரவை வகுக்கும் ஆர்.எஃப்.சி. 7865 (2016 மே) ஆகியவற்றின் ஆசிரியர் வரிசையிலும் ரவீந்திரநாத்தின் பெயர் உள்ளது. பின்னதில் பார்த்தசாரதி ரவீந்திரனும் உடனாசிரியர். இவ்வாவணங்களில் பெயர்களுக்கு அருகில் காணப்படும் நிறுவனங்கள் பன்னாட்டு வணிக நிறுவனங்கள். பங்கேற்போர் தனியாள்களாகவே கருதப்பட்டாலும், ஆண்டுக்கு மூன்று கூட்டங்களுக்குச் செல்லும் பயணச் செலவையும், ஒரு வரைவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பேணும் நேரத்தையும் யார் ஏற்கின்றனர் என்னும் வினா எஞ்சுகிறது. யோக்கோகாமா, சியோல், இரோசிமா, பெய்சிங், தாய்பே, சிங்கப்பூர், பாங்காக்கு ஆகிய ஆசிய நகரங்களில் கூடிய இப்பணிப்படை, 2024 வரை இந்தியாவில் கூடவில்லை.

8. தமிழ்த் தரநிலைப் பணியின் முன்னனுபவம்

திறந்த அவையில் தரநிலை வகுக்கும் முறை தமிழுலகுக்குப் புதிதன்று. 1990களின் பிற்பகுதியில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறியேற்றும் முறைகள் பலவாகப் பெருகி, ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் படிக்க இயலாத நிலை இருந்தது. அப்போது இருவகை முயற்சிகள் எழுந்தன. சுவிட்சர்லாந்து, மலேசியா, அமெரிக்கா எனப் பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து டிசுக்கி குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் அறிவித்தது. இவ்விரு போக்குகளும் சந்திக்கும் களமாக 2000 சூலையில் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு தோன்றியது.

அரசாணை வழியும் தன்னார்வ இணக்க வழியும் ஒன்றையொன்று நிறைவுசெய்த இவ்வனுபவம், முன்னர்க் கண்ட கடல்சார் முறை, இணைய முறை என்னும் இருமைக்கு இணையானது. அவ்வனுபவம் எழுத்தோடு நின்றுவிட்டது. குரலையும் காணொளியையும் சுமக்கும் நெறிமுறைகள் மொழிக்கு அப்பாற்பட்டவை எனக் கருதப்பட்டமை அதற்கு ஒரு காரணமாகலாம். எழுத்துக் குறியேற்றம் தமிழரின் நேரடிக் கவலையாகத் தோன்றியது. பேச்சைச் சுமக்கும் நெறிமுறை அவ்வாறு தோன்றவில்லை.

9. தூத்துக்குடியில் இதன் பொருள்

கப்பலில் பணியாற்றுவோர்க்கு வீட்டாரோடு பேசும் வசதி நெடுங்காலம் சலுகையாகவே கருதப்பட்டது. இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2022இல் திருத்தப்பட்டது. 2024 திசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், கடலோடிகளுக்கான வசதிகளுள் சமூகத் தொடர்பையும் சேர்த்தது. கப்பலிலும், துறைமுகத்திலும் அதனையொட்டிய நங்கூரப் பரப்பிலும், இயன்றவரை நியாயமான கட்டணத்தில் இணைய வசதி தரப்பட வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இது வ.உ. சிதம்பரனார் துறைமுகத்துக்கும் பொருந்துவது. அரசுகள் வகுத்த முறை இணைப்பைத் தரச் சொல்கிறது. அவ்விணைப்பில் பேச்சு எவ்வாறு நிலைக்கும் என்பதைத் தனியாள்கள் வகுத்த முறை தீர்மானிக்கிறது.

கடல்வழி இணைப்பு நில இணைப்பைப் போன்றதன்று. புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒருவழிப் பயணத்துக்கே கால் நொடி ஆகும். உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அவ்வளவைக் கப்பலின் இணைப்பு தொடக்கத்திலேயே கடந்துவிடுகிறது. கப்பல் திரும்புகையில் பாய்மரக் கம்பமோ சரக்குப்பெட்டி அடுக்கோ வானலை வாங்கியை மறைக்கலாம். மறைப்பு 30 நொடியைக் கடந்தால், ஆர்.எஃப்.சி. 7675இன்படி ஒப்புதல் காலாவதியாகிறது. உரையாடல் தொடர வேண்டுமாயின் இணைப்புச் சோதனையைப் புதிதாகத் தொடங்க வேண்டும். தாக்குதலைத் தடுப்பதற்கு நியாயமான அந்த எண், கடலில் இருப்பவர்க்குப் பேச்சின் முறிவாகவும் அமையக்கூடும். எவ்வளவு நேரம் வரை காத்திருப்பது காப்பு, எப்போது அது முறிவு என்பது அளந்தறியத்தக்க வினா. அதற்கான களம் தூத்துக்குடியைப் போன்ற கடற்கரைகளில் உள்ளது.

இதன் அவசரத்தை அண்மை வரலாறு உணர்த்துகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாடுகளில் சிக்கியவர்களை இந்தியக் கடற்படையின் சலாசுவா கப்பல் கொழும்பு, மாலே ஆகிய நகரங்களிலிருந்தும், சூலை முதல் நாளன்று ஈரானிலிருந்தும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அழைத்து வந்தது. இறுதியிற் கூறிய பயணத்தில் வந்தோருள் மிகப்பலர் தமிழக மீனவர்கள். மாதக்கணக்கில் கரை திரும்ப இயலாதவர்க்குக் குரலும் முகமும் மட்டுமே வீட்டோடு எஞ்சிய உறவு.

அதே 2020 மார்ச்சில், வான்கூவரில் கூட வேண்டிய பணிப்படைக் கூட்டம் இணையவழிக் கூட்டமாக மாறியது. 2022 மார்ச்சில் வியன்னாவில் மீண்டும் நேரிற் கூடும்வரை அவை முழுவதும் இணையத்திலேயே இயங்கியது. அதற்குப் பயன்பட்ட கருவி வெப்ஆர்டிசி அடிப்படையில் அமைந்தது. தாம் வகுத்த தரநிலையின் வழியாகவே தரநிலை வகுப்போர் கூடிய இக்காலத்தில், 2021 சனவரியில், ஆர்.எஃப்.சி. 8825 முதலான ஆவணத் தொகுதி வெளியாயிற்று. ஒன்றையொன்று சார்ந்திருந்தமையால் பல ஆண்டுகள் காத்திருந்த ஆவணங்கள் அவை. அதே மாதம் 26ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பும் வெப்ஆர்டிசியை முழுப் பரிந்துரையாக ஏற்றது. தொலைவிலிருந்து பங்கேற்பது அதன்பின் இயல்பான வழியாயிற்று. பயணச் செலவு என்னும் தடை பெரிதும் தளர்ந்தது.

10. முடிவுரை

நிகழ்நேர இணைய உரையாடலின் வரலாறு கருவிகளின் வரலாறாக மட்டும் அமையாது. யார் எவ்வாறு கூடி முடிவெடுத்தனர் என்பதன் வரலாறும் ஆகும். இவ்வாய்விலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இணக்க முறை விரைவில் முடிவு தருவதன்று. காணொளிக் குறிமுறையில் காலம் நீண்டது. ஆயினும் அந்நீட்சியே வசதி குறைந்த பயனரை விலக்காத முடிவுக்கு இட்டுச் சென்றது. இரண்டாவது, ஆர்.எஃப்.சி. 7675 காட்டுவதைப் போல, இவ்வவையில் செல்வாக்குப் பெறுவதற்கு அரசின் பேராளராக இருக்க வேண்டியதில்லை. தெளிவான சிக்கலைக் கண்டு, அதனை எழுதி, மறுப்புகளுக்கு விடைகூறி, பல ஆண்டுகள் நிலைத்து நிற்பவர்க்கு அவை திறந்துள்ளது. மூன்றாவது, அவ்வாறு நிலைத்து நிற்பதற்கான நேரத்தை மேற்கண்ட ஆவணங்களில் வழங்கியவை வணிக நிறுவனங்கள். பல்கலைக்கழகங்கள் அந்நேரத்தைத் தம் ஆய்வாளர்களுக்கு வழங்குமாயின், வணிகத்துக்குத் தோன்றாத வினாக்களும் அவைக்கு வரும்.

அத்தகைய வினாக்களுள் ஒன்று 30 நொடி பற்றியது. கடலோர மாவட்டங்களில் உள்ள பொறியியல், மீன்வள, கடல்சார் கல்வி நிறுவனங்கள் கப்பல்களிலும் படகுகளிலும் இணைப்பு எத்தனை முறை, எவ்வளவு நேரம் முறிகிறது என்பதை அளந்து பதியுமாயின், அத்தரவு ஒரு வரைவாக அவ்வவையின் முன் வைக்கப்படலாம். அவ்வரைவின் கோப்புப் பெயரில் முதலில் இடம்பெறுவது எழுதியவரின் பெயராகவே இருக்கும்.